பள்ளி மேடையில் ஒரு பழங்கதை: ‘டைடோவும் ஈனியாசும்’ இசைநாடகம் – ஓர் ஆய்வு

முன்னுரை

இயல், இசை, நாடகம் என்னும் மூன்றனையும் ஒருங்கே கொண்டது தமிழ் என்பது நாம் வழிவழியாகக் கூறிவரும் பெருமை. மேலை நாட்டார் ‘ஆப்பரா’ என வழங்கும் இசைநாடகமும் இம்மூன்றின் கூட்டேயாம். பாத்திரங்களின் உரையாடலும் அதில் பெரும்பாலும் பாடப்பெறும். அரசவைகளிலும் பெருஞ்செல்வர் அரங்குகளிலும் வளர்ந்த கலை அது என்பதே பொதுவான எண்ணம். ஆயின், ஆங்கில மொழியில் தோன்றிய இசைநாடகங்களுள் தலையாயவற்றுள் ஒன்றாக இன்றளவும் போற்றப்பெறும் ஒரு படைப்பு, பெண்கள் பள்ளி ஒன்றின் மாணவியரால் நடிக்கப்பெற்றது என்பதைப் பலர் அறியார்.

ஹென்றி பர்செல் (1659–1695) இசையமைக்க, நாகும் டேட் என்னும் கவிஞர் பாடல் எழுதிய ‘டைடோவும் ஈனியாசும்’ என்பதே அப்படைப்பு. பழங்கதை ஒன்றினை மாணவர் மேடைக்குக் கொணர்வோர் விடைகாண வேண்டிய வினாக்கள் மூன்று. கதையின் எவ்வடிவத்தைக் கொள்வது? மாணவரின் ஆற்றலுக்கு ஏற்ப அதனை எவ்வாறு அளவுபடுத்துவது? நடித்து முடித்தபின் எதனைப் பேணி வைப்பது? இம்மூன்று வினாக்களையும் அடியொற்றி இந்நாடகத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழங்கதை

டைடோ என்பாள் எலிசா என்றும் அழைக்கப்பெறும் பினீசிய அரசி. இன்றைய லெபனானின் கடற்கரையில், அரபியில் ‘சூர்’ என வழங்கும் தைர் நகரமே அவள் பிறந்த ஊர். அவள் உடன்பிறந்தான் பொருளாசையால் அவள் கணவனைக் கொன்றான். கணவனின் செல்வத்தையும் தன்னை நம்பியவர்களையும் உடன்கொண்டு அவள் கடல் கடந்து வட ஆப்பிரிக்கக் கரையை அடைந்தாள். ஓர் எருதின் தோல் அடக்கும் அளவு நிலம் போதும் எனக் கேட்டாள். அத்தோலை மெல்லிய வாராக அறுத்து நீட்டி, ஒரு குன்றையே வளைத்துக் கொண்டாள். ‘பைர்சா’ என்னும் அக்குன்றின் பெயருக்குக் கிரேக்க மொழியில் தோல் என்னும் பொருள் இருப்பதனை ஒட்டி எழுந்த கதை இது. அங்ஙனம் எழுந்த நகரமே கார்த்தேஜ். இன்று அது துனீசியாவின் தலைநகராகிய துனிசுக்கு அருகில் உள்ளது. அதன் இடிபாடுகள் 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றன.

இக்கதையின் பழைய வடிவத்தில் ஈனியாசு இல்லை. அண்டை நாட்டு மன்னன் இயார்பசு அவளை மணக்க விரும்பி, மறுப்பின் போர் என அச்சுறுத்துகின்றான். இறந்த கணவனுக்குத் தான் தந்த உறுதியைக் கைவிட மனமின்றியும், தன் மக்களைப் போருக்கு ஆளாக்க மனமின்றியும், அவள் தன்னையே மாய்த்துக்கொள்கின்றாள். ஊரைக் காத்த தலைவியாகவும் சொல் தவறாத மனைவியாகவும் அவள் இவ்வடிவத்தில் விளங்குகின்றாள்.

வெர்ஜில் செய்த மாற்றம்

உரோமப் பெருங்கவிஞர் வெர்ஜில் (கி.மு. 70–19) தம் ‘ஈனியட்’ காவியத்தின் நான்காம் பகுதியில் இக்கதையைப் புதுக்கினார். திராய் நகரம் அழிந்தபின் கடலில் அலைந்த வீரன் ஈனியாசு கார்த்தேசில் ஒதுங்குகின்றான். டைடோ அவன்மீது காதல் கொள்கின்றாள். இத்தாலியில் புதிய அரசை நிறுவ வேண்டும் என்னும் தேவகட்டளை வர, அவன் அவளைப் பிரிகின்றான். அவள் ஈமவிறகின் மேல் ஏறி, அவன் விட்டுச்சென்ற வாளால் உயிர் துறக்கின்றாள்.

மரபுவழிக் கணக்கின்படி திராய் வீழ்ந்தது கி.மு. 1184, கார்த்தேஜ் எழுந்தது கி.மு. 814. முந்நூற்றெழுபது ஆண்டு இடைவெளியில் நிற்கும் இருவர் சந்தித்தல் இயலாது. பழங்காலத்தாரே இதனை உணர்ந்திருந்தனர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினரான மக்ரோபியசு, இக்காதல் பொய்யென யாவரும் அறிந்திருந்தும் கவிதையின் அழகால் அதனையே போற்றுகின்றனர் என்னும் கருத்தை எழுதியுள்ளார். கார்த்தேசில் பிறந்த கிறித்தவ அறிஞர் தெர்த்துல்லியன், மறுமணத்தினும் தீயே மேல் எனக் கொண்டவள் என டைடோவைப் புகழ்ந்தார். கவிதை வென்றது; அரசியின் பழைய புகழ் பின்தள்ளப்பட்டது.

பழங்கதையைக் கையாள்வோர்க்கு இங்கே ஒரு பொறுப்பு எழுகின்றது. கதைமாந்தர் வழக்காடு மன்றம் ஏறித் தம் பெயரை மீட்க இயலாது. நாம் மேடையில் எவ்வடிவத்தைக் காட்டுகின்றோமோ, காண்போர் நெஞ்சில் அவ்வடிவமே நிலைபெறும். ஆதலின் கதையைத் தேர்ந்தெடுத்தல் வெறும் சுவை பற்றிய செய்தியன்று; அஃது அறம் பற்றிய செய்தியுமாகும்.

டேட் செய்த மாற்றம்

நாகும் டேட் வெர்ஜிலையே பின்பற்றினார்; ஆயினும் அப்படியே பின்பற்றவில்லை. முதலாவதாக, பிரிவுக்குக் காரணமான தேவர்களை அகற்றினார். டைடோவின் நல்வாழ்வைப் பொறாத சூனியக்காரி ஒருத்தி, தேவதூதன் வடிவில் ஓர் ஆவியை ஏவி ஈனியாசை ஏமாற்றுகின்றாள். இரண்டாவதாக, வெர்ஜிலில் வரும் குகைக் காட்சியும் வாளும் ஈமவிறகும் இந்நாடகத்தில் இல்லை. மூன்றாவது மாற்றமே மிக நுட்பமானது. காவியத்தில் ஈனியாசு தன் முடிவில் உறுதியாக நிற்கின்றான். நாடகத்திலோ, டைடோவின் துயரைக் கண்டு தேவகட்டளையை மீறித் தங்கிவிடுவதாகக் கூறுகின்றான். அவள் அதனை ஏற்கவில்லை. பிரிய வேண்டும் என ஒருமுறை எண்ணியதே போதும் எனக் கூறி, அவனைப் போகுமாறு பணிக்கின்றாள்.

காவியத்தில் கைவிடப்பட்டவளாக நின்றவள் இங்கே விடைகொடுப்பவளாக நிற்கின்றாள். பழைய வடிவத்தின் நகர் நிறுவிய பெருமை முழுவதும் மீளவில்லையெனினும், அவ்வரசியின் தன்மதிப்பு மீண்டது எனலாம்.

பள்ளியும் மாணவியரும்

ஜோசையா பிரீஸ்ட் என்பவர் நடன ஆசிரியர். அவர் 1680ஆம் ஆண்டு முதல் இலண்டனை அடுத்த செல்சியில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1684இல் பர்செலின் ஆசிரியரான ஜான் புளோ இயற்றிய ‘வீனசும் அடோனிசும்’ என்னும் இசைநாடகம் இப்பள்ளியில் நடிக்கப்பெற்றது. அதில் அடோனிசு என்னும் ஆண்பாத்திரத்தைப் பிரீஸ்ட்டின் மகளே ஏற்றாள். ஆசிரியர் வகுத்த வழியில் மாணவராகிய பர்செலும் பின்னர் நடந்தார்.

‘டைடோவும் ஈனியாசும்’ செல்சிப் பள்ளியில் இளநங்கையரால் நடிக்கப்பெற்றது என அதன் பாடல்நூலின் முகப்பே கூறுகின்றது. அதில் ஆண்டு குறிக்கப்பெறவில்லை. 1689 என்றே நெடுங்காலம் கருதப்பெற்றது. சிரியாவின் அலெப்போ நகரில் தங்கிய ஆங்கில வணிகர் ஒருவர் 1688 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், பிரீஸ்ட் பள்ளிக்குப் பர்செல் அமைத்த இசை பற்றிய குறிப்பு உள்ளது. 2009இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைக் கொண்டு அந்நிகழ்ச்சியின் காலத்தை முன்தள்ளுகின்றது. ஒரு பள்ளி விழாவின் காலத்தைக் கணிக்க, உதுமானியப் பேரரசின் நகரொன்றிலிருந்து சென்ற வணிகக் கடிதம் துணைநிற்பது வியப்புக்குரியது.

மேடை மாணவரின் ஒழுக்கத்தைக் கெடுக்குமோ என்னும் பெரியோரின் ஐயமும் புதியதன்று. இந்நாடகத்திற்குத் தாமசு டர்பி எழுதிய முடிவுப் பாடலை மாணவி ஒருத்தி அவையை நோக்கி மொழிந்தாள். நகரத்தின் தீமைகள் அண்டாத காவலான வாழ்வு தம்முடையது என்பதே அதன் சாரம். பெற்றோரும் புரவலரும் என்ன எண்ணுவர் என்பதை அப்பள்ளி அன்றே உணர்ந்திருந்தது. அவ்வையத்தைப் புறக்கணித்தல் கூடாது. பனுவலைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒத்திகையை நடத்துவதிலும் காட்டும் பொறுப்பே அதற்குத் தக்க விடையாகும்.

அளவறிந்த ஆக்கம்

இந்நாடகம் மூன்று அங்கங்கள் கொண்டது. எனினும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவது. நரம்பிசைக் கருவிகள் சிலவும் ஹார்ப்சிகார்டும் இருந்தாற் போதும். நெடுநேரம் தனித்துப் பாடும் பாத்திரங்கள் மிகச் சிலவே. குழுப்பாடலோ அடிக்கடி வருகின்றது. அரசவையினர், சூனியக்காரியர், மாலுமிகள் எனக் குழுவினர் மாறி மாறி வருவர். இடையிடையே நடனங்கள் உள்ளன. நல்ல குரல் வாய்த்த சிலர்க்குத் தனிப்பாடலும், ஏனையோர்க்குக் குழுப்பாடலும், ஆடல் வல்லார்க்கு நடனமும் என மேடையேற விழையும் யாவருக்கும் இடமுண்டு. பள்ளி நாடகத்தின் முதல் இலக்கணம் இதுவே என்பது நம் கருத்து.

எளிமை என்பது தாழ்வன்று என்பதற்கு, டைடோ இறுதியில் பாடும் துயரப் பாடலே சான்று. அதன் அடித்தளத்தில் தாழ்ந்த சுரங்களாலான ஒரு தொடர் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி வருகின்றது. ஐந்து தாள அளவுகள் கொண்ட அத்தொடர் மாற்றமின்றிப் பதினொரு முறை திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. விலக்கவியலாத ஊழ்போல் அது கீழே நடக்க, மேலே செல்லும் பாடற்குரலோ அத்தொடர் முடியும் இடங்களில் முடியாமல் கடந்து செல்கின்றது. கட்டுக்குள் நின்றே கட்டை மீறும் இவ்வமைப்பில்தான் அப்பாடலின் துயரம் பிறக்கின்றது. கருவிகளின் பெருக்கமோ காட்சியின் ஆரவாரமோ இதற்குத் தேவைப்படவில்லை.

அழிந்ததும் எஞ்சியதும்

இத்துணைச் சிறந்த படைப்பு நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. பர்செலின் கையெழுத்துப்படி இல்லை. பள்ளி நிகழ்ச்சிக்கென அச்சிட்ட பாடல்நூலில் ஒரே ஒரு படி மட்டும் எஞ்சி, இலண்டன் இராயல் இசைக் கல்லூரியில் உள்ளது. இன்றுள்ள இசையேடுகளுள் மிகப் பழையது 1750க்குப் பின் படியெடுக்கப்பெற்றது. ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. பாடல்நூலில் முன்னுரைக் காட்சி ஒன்று உண்டு. அதற்குரிய இசை இல்லை. இரண்டாம் அங்கத்தின் முடிவிலும் பாடல் இருக்க இசை காணவில்லை.

இத்தகைய இழப்பு நமக்கும் புதியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயர் இயற்றிய இராம நாடகக் கீர்த்தனைகளின் சொல் நிலைத்தது. ஆனால் பலவற்றின் முதல் மெட்டு வழக்கொழிந்தது. இன்று அவை பின்வந்த இசைவாணர் அமைத்த மெட்டுகளிலேயே பாடப்பெறுகின்றன. ஏட்டில் ஏறியது வாழ்ந்தது. நாவில் மட்டும் நின்றது நழுவியது.

மீட்டவரும் மாணவரே

1700இல் இந்நாடகத்தின் பகுதிகள் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றின் தழுவலில் இடையே செருகப்பெற்றன. பின்னர் நாடகமாக அது மெல்ல மறக்கப்பட்டது. 1841இல் அதன் இசை அச்சேறியது. பர்செல் மறைந்த இருநூறாம் ஆண்டாகிய 1895இல், நவம்பர் 20ஆம் நாள், இலண்டன் இலைசியம் அரங்கில் இஃது உயிர்பெற்று எழுந்தது. அன்று அதனை மேடையேற்றியவர்கள் இராயல் இசைக் கல்லூரியின் மாணவர்களே. தொழில்முறைக் குழுக்கள் மறந்ததை மாணவர் மீட்டனர். ஒரு பள்ளியில் வளர்ந்த கலை மற்றொரு கல்லூரியில் மறுபிறப்பெய்தியது.

துனீசிய நாடும் அவ்வரசியை மறக்கவில்லை. 2005இல் வெளியிடப்பெற்ற பத்துத் தினார் பணத்தாளில் எலிசாவின் உருவம் பொறிக்கப்பெற்றது. இசுலாத்திற்கு நெடுங்காலம் முற்பட்ட ஓர் அரசியை ஒரு முசுலிம் நாடு தன் மண்ணின் முன்னோளாக மதித்துப் போற்றுவது எண்ணத்தக்கது. அங்கே அவள் காதலில் தோற்றவளாக அன்றி, நகர் நிறுவியவளாகவே நினைக்கப்பெறுகின்றாள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நம் கல்லூரி மேடைகளுக்கு உரிய செய்திகள் சில பெறப்படுகின்றன. பழங்கதையொன்றை எடுக்கும்போது அதன் வடிவங்கள் அனைத்தையும் மாணவரோடு அமர்ந்து படித்தல் வேண்டும்; மாற்றம் செய்யின் அது கதைமாந்தரின் மாண்பைக் குறைக்கின்றதா, மீட்கின்றதா என வினவுதல் வேண்டும். பாடல் எழுதுமுன் பாடும் மாணவரின் குரலையும், ஆடுவோரின் திறனையும், மேடையின் அகலத்தையும் அளந்தறிதல் வேண்டும். இருப்பது கொண்டு ஆக்குவதே கலை. இல்லாததற்கு ஏங்குதல் கலையன்று.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. ஆண்டுதோறும் நம் கல்லூரிகளில் நாடகங்கள் அரங்கேறுகின்றன, கைத்தட்டல் எழுகின்றது, மறுவாரமே பனுவல் எங்கே எனக் கேட்பின் விடையில்லை. ஒரே ஒரு பாடல்நூற்படி எஞ்சியிராவிடின், செல்சிப் பள்ளி மாணவியர் இந்நாடகத்தை நடித்தனர் என்பதை அதன் முகப்புக் கூறக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியிராது. ஆதலின் நாடகப் பனுவலையும், மெட்டமைப்பையும், நடித்தோர் பெயர்ப்பட்டியலையும் எழுதித் துறை நூலகத்தில் வைத்தலை ஒத்திகையின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் வேண்டும். திரை விழுந்த மறுநாள் அப்பணியை முடிக்கும் பொறுப்பை ஒரு மாணவரிடம் பெயர் குறித்து ஒப்படைத்தல் நன்று.