சோப்புக் கட்டியில் சிந்துவெளி

கேள்வி: ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பழங்காலக் கலை என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கையால் எதையாவது செய்ய வைக்கலாமா?
- ஆசிரியை ஒருவர், தருமபுரி

பதில்: தாராளமாக. சிந்துவெளி முத்திரையில் தொடங்குங்கள். ஆளுக்கொரு சோப்புக் கட்டி, ஓர் ஆணி, கொஞ்சம் களிமண் போதும். அசல் முத்திரைகள் பெரும்பாலும் மாக்கல்லில் செதுக்கியவை. அதுவும் வழுவழுப்பான, மிருதுவான கல்தான். அளவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஏறத்தாழ 2.5 செ.மீ. சதுரம். அதற்குள் ஒரு திமில் காளையை அடக்கப் பார்க்கும்போதுதான் அந்தக் கைவினைஞரின் திறமை உறைக்கும்.

வலப்பக்கம் பார்க்கச் செதுக்கிய காளை, களிமண்ணில் அழுத்திப் பதித்ததும் இடப்பக்கம் திரும்பி நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே கண்டுபிடித்துக் கூச்சல் போடட்டும். பிறகு, 'இது எதற்குப் பயன்பட்டிருக்கும்?' என்று கேளுங்கள். சிந்துவெளி நாகரிக நகரமான லோத்தலில் கிடைத்த களிமண் பதிவுகளின் பின்புறம் துணி, கயிற்றின் தடங்கள் உள்ளன. சரக்கு மூட்டைகளில் வைத்த முத்திரை அது.

அசல் முத்திரைகளில் உள்ள எழுத்துகளுக்குப் பொருள் கேட்பார்கள். அறிஞர்கள் எல்லோரும் ஏற்கும் வாசிப்பு இன்றுவரை இல்லை என்று சொல்லிவிடுங்கள். தயவுசெய்து இந்தக் கைவேலைக்கு மதிப்பெண் போடாதீர்கள்.