சீப்பைக் கழுவு, கண்ணு

மலர்க்கண்ணுக்கு,

காலையில் தலைக்குக் குளித்தால் சாயங்காலத்துக்குள் பிசுபிசுவென்று ஆகிவிடுகிறது, எல்லாம் ஹாஸ்டல் தண்ணீரால்தான் என்று போனில் புலம்பினாயே. தண்ணீர் மேல் பழி போடாதே. உன் வயசும் சென்னைப் புழுக்கமும் சேர்ந்து செய்கிற வேலை அது.

ஒவ்வொரு முடியின் வேரோடும் ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய மனுஷி ஆகிற வயசில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடும்போது அந்தச் சுரப்பியும் பெரிதாகி அதிகமாகச் சுரக்கும். எவ்வளவு என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு. உன் அம்மா காலேஜ் போன காலத்தில் அவள் முன்முடி நெற்றியோடு ஒட்டியே கிடக்கும். கேட்டால் இப்போது ஒத்துக்கொள்ள மாட்டாள். சுருட்டை முடியில் எண்ணெய் இறங்க நேரமாகும். உனக்கோ நேர்முடி, சறுக்குமரத்தில் வருகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஏற்காட்டில் இருந்தவரை இது உன் கண்ணில் படவில்லை. 1500 மீட்டர் உயரம், வியர்வை ஏது? 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் கால் வைத்தாலே கழுத்து கசகசக்கும். நீ கடற்கரை ஊருக்கே போய்விட்டாய்.

இங்கே உனக்கு அரப்புதான் தேய்த்தேன். உசிலை இலையைக் காயவைத்து இடித்து, வடிகஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் நுரை சொற்பம்தான், ஆனால் எண்ணெயை எடுத்துவிடும். ஹாஸ்டல் பாத்ரூமில் அதைக் கரைத்தால் சாக்கடை அடைக்கும், வார்டனம்மா உன்னைத்தான் தேடுவார். ஷாம்புவே போதும். தினமும் போட்டால் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று உன் தோழி சொன்னாளாமே? நீ குளித்தாயா இல்லையா என்று சுரப்பிக்கு எப்படியடி தெரியும்? அது ஹார்மோன் பேச்சைத்தான் கேட்கும். வியர்க்கிற நாளெல்லாம் மிதமான ஷாம்பு போடு. நகத்தால் பிறாண்டாமல் விரல் நுனியால் தேய். கண்டிஷனரை மண்டையில் அப்பாதே, கீழ்முடிக்கு மட்டும் தடவு.

எனக்குக் கவலையே உன் கைதான். புத்தகத்தை விரித்ததும் முன்முடியைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவாய். முறுக்கு தின்ற கையா, இல்லையா என்றுகூடப் பார்ப்பதில்லை. அப்புறம் அந்தச் சீப்பு. பல்லிடுக்கில் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கிறதே, அது பழைய எண்ணெயும் உதிர்ந்த தோலும். குளித்த தலையில் அதையே திரும்பப் பூசிக்கொள்கிறாய். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடு. தலையணை உறையையும் அன்றைக்கே துவைத்துப் போடு.

பொடுகு வந்தால் தேங்காயெண்ணெயைக் கொட்டாதே. எண்ணெய்க் கிண்ணத்தோடு உன்னைத் துரத்தின அம்மாயிதான் சொல்கிறேன். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்கிற பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் ஷாம்பு கேள். தேய்த்து ஐந்து நிமிஷம் விட்டு அலசு. பிசுக்கோடு மாதவிலக்கும் தள்ளிப்போய், தாடையில் முடி, பரு என்று சேர்ந்து வந்தால் கூச்சப்படாமல் டாக்டரைப் பார்; பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் எனக்கு போன் போடு, நான் பேசிக்கொள்கிறேன்.

பொங்கல் லீவுக்கு வரும்போது சீப்பையும் எடுத்து வா. நான் பார்க்கணும்.

உன் அம்மாயி,
ஏற்காடு