சாரல் ஊரில் கிளேஸ் சோதனை

கிளேஸ் என்பது மண்பாண்டத்தின் மேல் உருகிப் படியும் மெல்லிய கண்ணாடி. சிலிக்கா கண்ணாடியாகிறது, அலுமினா அதை வழிந்தோடாமல் பிடிக்கிறது, ஃபெல்ட்ஸ்பாரும் போராக்ஸும் உருகும் சூட்டைக் குறைக்கின்றன. ஓர் ஊரின் கலவை இன்னோர் ஊர் மண்ணில் அப்படியே வாய்க்காது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் மரபில் வரும் ஸ்டோன்வேர் என்னும் உயர்சூட்டுப் பாண்டம் 1300 டிகிரி செல்சியஸை ஒட்டி வேகிறது. தென்காசிப் பக்கம் தேன்பொத்தை போன்ற ஊர்களில் வனையும் சிவப்பு மண்ணை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பாண்டம் உப்பிக் குலையும். 1000 முதல் 1100 டிகிரிக்குள் உருகும் கலவையே இதற்குப் பொருந்தும். ஈயம் சேர்த்தால் அந்தச் சூட்டில் எளிதாக உருகும் என்பது உண்மைதான். சோறு வைக்கும் பாத்திரத்தில் அதற்கு இடமில்லை.

சோதனை வில்லையைத் தட்டையாகப் போட்டுச் சுடுவது வீண் வேலை. நிமிர்ந்து நிற்கும் வில்லைதான் கிளேஸ் எவ்வளவு வழியும் என்று காட்டும். அடியில் ஒரு விரல் அகலம் பூசாமல் விட்டு, அங்கே இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்து எண் எழுதலாம், நெருப்பிலும் அழியாது. மேல்பாதியை இரண்டு முறை முக்கினால் ஒரே வில்லையில் இரண்டு கனம் கிடைக்கும்.

தென்காசியை அடுத்த ஐந்தருவிப் பக்கத்தில் பலரும் ஏமாறுவது இந்தக் கனத்தில்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் காற்றில், முதல் சூடு கண்ட, இன்னும் கிளேஸ் பூசாத ஓடு ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஈர ஓட்டில் கிளேஸ் மெல்லியதாகவே ஒட்டும். பங்குனியில் பால்வெள்ளையாக வந்த கலவை ஆடியில் மண் தெரிய வெளிறிப்போனால் குற்றம் கலவையில் இல்லை. ஓட்டை அடுப்புச் சூட்டில் உலர்த்தி ஆறவிட்டபின் முக்க வேண்டும். 100 மில்லி கரைசலை நிறுத்துப் பார்ப்பதும் அவசியம். பொதுவாக 140 முதல் 150 கிராம் இருக்கும். எந்த எடையில் நல்ல பலன் வந்ததோ அதை எண்ணோடு குறித்து வைக்க வேண்டும்.

நிறத்துக்காக ஆக்சைடைத் தெளிக்கும்போதும் கனமே நிறத்தைத் தீர்மானிக்கிறது. வெறும் ஆக்சைடைத் தண்ணீரில் கலந்து அடித்தால் சுட்ட பிறகும் பொடியாகக் கையில் ஒட்டும். சிறிது ஃபிரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடி) சேர்க்க வேண்டும். ஆக்சைடு சீக்கிரம் அடியில் தங்குவதால் தெளிப்புத் துப்பாக்கியை அடிக்கடி குலுக்காவிட்டால் முதல் வில்லை ஒரு நிறம், கடைசி வில்லை வேறு நிறம். கோபால்ட்டும் செம்பும் மாங்கனீசும் கிளேஸை இளக்கவும் செய்யும். அதிகம் விழுந்த இடம் கீழே ஒழுகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மூக்கில் கட்டும் துண்டு தெளிப்பில் எழும் தூசியைத் தடுக்காது. வடிகட்டியுள்ள முகமூடியே வேண்டும். சாரலில் வெளியே தெளிக்க முடியாது என்பதற்காக மூடிய அறைக்குள் தெளிப்பதைவிட வெயில் வரும்வரை காத்திருக்கலாம்.

சூளையிலிருந்து எடுத்ததும் தெரியும் அழகு பாதிச் செய்திதான். எலுமிச்சைத் துண்டையோ வினிகரையோ ஒரு நாள் முழுக்க வில்லையில் வைத்து, நிறம் மங்கினால் அந்தக் கிளேஸைப் புளிக்குழம்புக்கும் ஊறுகாய்க்கும் ஆகாதென்று ஒதுக்க வேண்டும். மங்காவிட்டாலும், செம்போ மாங்கனீசோ சேர்ந்ததை ஆய்வகத்தில் சோதிக்காமல் உணவுக்குத் தரலாகாது. கொதிநீரிலும் ஐஸ் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினால் மயிரிழை வெடிப்பு தெரிந்துவிடும். சிவப்பு மண்ணில் அது மாதங்கள் கழித்தும் வரும்: நுண்துளைகள் ஈரம் குடித்து மண் மெல்ல விரிய, மேலே இருக்கும் கண்ணாடி விரிய முடியாமல் கீறுகிறது. ஆகவே வில்லைகளை ஒரு சாரல் பருவம் முழுக்கத் திறந்த அலமாரியில் வைத்துப் பார்ப்பது நல்லது. கீறியவற்றின் கலவையில் சிலிக்காவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மறுபடி வரிசையாகச் சுட வேண்டும்.