ஆர்மேனியர் உண்ணும் காட்டுக் கீரைகளும் அவற்றின் பெயர்களும்

ஒரு மொழியில் அரசனுக்கு என்ன பெயர் என்று கேட்டால், அம்மொழி பேசுவோரை ஆண்டவர் யாவர் என்பது ஓரளவு விளங்கும். கீரைக்கு என்ன பெயர் என்று கேட்டால், அவர்கள் எந்த மண்ணில் எவ்வளவு காலம் குனிந்து நின்று இலை பறித்தனர் என்பது விளங்கும். ஆர்மேனிய மொழி இதற்கு நல்ல சான்று. அம்மொழியில் அரசனைக் குறிக்கும் ‘தகவோர்’ என்னும் சொல் ஈரானியர் தந்தது. முடி தாங்கியவன் என்பது அதன் பொருள். ஆனால் மலைச்சரிவில் தானே முளைக்கும் கீரைகளின் பெயர்களை ஆராயப் புகுந்தால் ஒரே வழியில் விடை கிடைப்பதில்லை. சில பெயர்கள் முன்னோர் கொண்டுவந்தவை. சில அந்த மண்ணிலேயே முன்பிருந்தோர் விட்டுச் சென்றவை. சில அண்டை நாட்டார் தந்தவை. சில ஆர்மேனியரிடமிருந்து அண்டை நாட்டார் பெற்றுக் கொண்டவை. இந்நான்கு வகைக்கும் சில எடுத்துக்காட்டுகளைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொழியும் அதன் இடமும்

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் தெற்கே உயர்ந்து கிடக்கும் மேட்டு நிலம் ஆர்மேனியரின் தாயகம். அங்கே பனிக்காலம் நீண்டது. பனி உருகியதும் மலைச்சரிவுகளில் முளைக்கும் பச்சிலைகள், மாதக்கணக்கில் தானியமும் உலர்ந்த உணவும் உண்டு சலித்த மக்களுக்கு முதல் விருந்தாகும். எனவே கீரை பறித்தல் என்பது அவர்களிடையே பெண்களும் சிறுவரும் வழிவழியாகக் கற்றுவரும் ஒரு கல்வி. எது உணவு, எது நஞ்சு, எதை வேகவைக்க வேண்டும், எதை ஊறுகாய் இட வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

கி.பி. 405ஆம் ஆண்டில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்னும் துறவி ஆர்மேனிய மொழிக்கு 36 எழுத்துகள் வகுத்தார். அன்றுமுதல் அம்மொழியில் இடையறாது நூல்கள் எழுந்துள்ளன. ஈரானியச் சொற்கள் மிகுதியாகக் கலந்திருந்தமையால், அது ஈரானிய மொழிகளுள் ஒன்று என்றே நெடுங்காலம் கருதினர். ஹைன்ரிக் ஹூப்ஷ்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1875இல் கடன்சொற்களை ஒருபுறமும் மரபுச் சொற்களை மறுபுறமும் பிரித்து, ஆர்மேனியம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தில் ஒரு தனிக் கிளை என்று நிறுவினார். நம்மவர் இயற்சொல் என்றும் திசைச்சொல் என்றும் பகுத்த முறையை அறிந்தவர்க்கு, இப்பணியின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

காரணப் பெயர்கள்

முதலில் எளியவற்றைக் காண்போம். நம் தண்டுக்கீரை, முளைக்கீரை இனத்தை ஆர்மேனியர் ‘ஹவகதார்’ என்பர். ‘ஹவ்’ என்பது கோழி. ‘கதார்’ என்பது உச்சி அல்லது கொண்டை. அக்கீரையின் செந்நிறப் பூங்கதிரைக் கண்டு இட்ட பெயர் இது. அதே குடும்பத்துப் பூச்செடி ஒன்றை நாம் கோழிக்கொண்டை என்கிறோம். இவ்விரு பெயர்களுக்கும் மொழித் தொடர்பு ஏதும் இல்லை. கண்ட கண்கள்தாம் ஒத்திருந்தன. பெயர் ஒத்தால் மொழி உறவு உண்டு என்று விரைந்து முடிவு செய்வோர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

ஓடை நீரில் வளரும் காரமான கீரை ஒன்றுக்கு ‘ஜ்ர்கொதெம்’ என்று பெயர். ‘ஜுர்’ என்றால் நீர். ‘கொதெம்’ என்பது நிலத்தில் விளையும் காரக்கீரை. இரண்டும் சேரும்போது ‘ஜுர்’ என்பதன் உகரம் கெட்டு ‘ஜ்ர்’ என்றாகிறது. இத்தகைய உயிர்க்கேடு ஆர்மேனியப் புணர்ச்சியில் பொது விதி. தானே முளைப்பது என்பதைக் காட்ட ‘வய்ரி’ என்னும் அடைமொழி சேர்ப்பர். வெளி, இடம் எனப் பொருள்படும் ‘வய்ர்’ என்பதினின்று பிறந்தது அது. நாம் ‘காட்டு’ என்று அடை கொடுப்பதை ஒத்தது.

இனி, ஆர்மேனியக் கீரைகளுள் பெயர்பெற்ற ‘அவெலுக்’ என்பதை நோக்குவோம். இது நம் சுக்கான் கீரையின் இனத்தைச் சேர்ந்தது. வேனில் தொடக்கத்தில் இதன் நீண்ட இலைகளைப் பறித்து, பெண்கள் கூந்தல் பின்னுவதுபோல் நெடுஞ்சடையாகப் பின்னி நிழலில் தொங்கவிடுவர். உலரும்போது இலையின் கசப்புத் தணியும். பனிக்காலத்தில் சடையிலிருந்து வேண்டிய அளவு அறுத்து ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் பூண்டும் அக்ரூட்டுப் பருப்பும் சேர்த்துச் சமைப்பர். ‘அவெல்’ என்றால் துடைப்பம். ‘உக்’ என்பது சிறுமைப் பொருள் தரும் விகுதி. ‘கர்ன்’ என்னும் ஆட்டுக்குட்டி ‘கர்னுக்’ எனச் செல்லமாவது இவ்விகுதியால்தான். எனவே அவெலுக் என்பதைச் சிறு துடைப்பம் என்று பிரித்துப் பார்க்க இடமுண்டு. விதை முற்றிக் காய்ந்து நிற்கும் அதன் தண்டைக் கண்டவர்க்கு அப்பொருள் வியப்பளிக்காது.

பிரிப்பதில் வரும் இடர்

ஆனால், பிரிக்க முடிகிறது என்பதாலேயே பிரிவு சரியாகிவிடாது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் இரேவற்சின்னிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு மலைச்செடியின் புளித்த தண்டுகளை ஆர்மேனியர் உண்பர். அதன் இன்றைய பெயர் ‘கவர்த்ஸில்’. ‘கவார்’ என்றால் இருள், ‘த்ஸில்’ என்றால் முளை. ஆகவே இருளில் முளைப்பது என்று எவரும் எளிதில் கூறிவிடுவர். ஆயின் பழைய நூல்களில் ஈற்று லகரம் இல்லாத ‘கவார்த்ஸி’ என்னும் வடிவம் காணப்படுகிறது. அதாவது, பொருள் விளங்காது நின்ற பழம்பெயரை, மக்கள் தமக்குத் தெரிந்த ‘முளை’ என்னும் சொல்லாக்கி லகரம் சேர்த்துக் கொண்டனர்.

இதற்கு நம் ஊரிலேயே, அதுவும் ஆர்மேனியரைப் பற்றியே, ஒரு சான்று உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் ஆர்மேனிய வணிகர் வாழ்ந்த தெருவை ஆங்கிலத்தில் ஆர்மேனியன் தெரு என்றனர். தமிழ் மக்கள் வாயில் அது ‘அரண்மனைக்காரத் தெரு’ ஆயிற்று. அங்கே அரண்மனை எது என்று தேடப் புகுந்தால் காலந்தான் வீணாகும். அந்நியச் சொல்லைத் தம் சொல்லாக்கிக் கொள்ளும் இவ்வியல்பு எல்லா மக்களுக்கும் பொது. அந்தச் சென்னையில்தான் 1794இல் ஹாருத்யுன் ஷ்மவோன்யன் என்னும் பாதிரியார் ‘அஸ்தரார்’ என்னும் இதழைத் தொடங்கினார் என்பதும், உலகில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே என்பதும் நாம் நினைவில் வைக்கத்தக்கவை.

முன்னோர் தந்த சொற்கள்

மரபுச் சொல் எது, கடன்சொல் எது என்று எவ்வாறு அறிவது? ஒலியொழுங்கே உரைகல். வடமொழியில் பகரத்தில் தொடங்கும் பழஞ்சொல் ஆர்மேனியத்தில் ஹகரத்தில் தொடங்கும். அல்லது முதலெழுத்தை இழக்கும். ஐந்து என்னும் ‘பஞ்ச’ அங்கே ‘ஹிங்’. தந்தை என்னும் ‘பிதர்’ அங்கே ‘ஹய்ர்’. கால் என்னும் ‘பத்’ அங்கே ‘ஓத்ன்’. இவ்வொழுங்குக்கு அடங்குவன மரபுச் சொற்கள்.

செடி என்னும் பொதுப்பொருள் தரும் ‘பொய்ஸ்’ இத்தகைய மரபுச் சொல். தோன்றுதல், வளர்தல் என்னும் பொருளுடைய மூலத்திலிருந்து வடமொழியில் ‘பூ’ என்னும் வினையடியும், கிரேக்கத்தில் செடியைக் குறிக்கும் ‘ஃபுதோன்’ என்பதும் வந்தன. ஆர்மேனியச் சொல்லும் அவ்வேரிலிருந்தே வந்தது என்பர். முன்னே கண்ட ‘ஹவ்’ லத்தீனில் பறவையைக் குறிக்கும் ‘அவிஸ்’ என்பதற்கு உறவு.

இவ்வகையில் மிகச் சுவையானது ‘தெக்’ என்னும் சொல். இதன் ஈற்றொலி பண்டு ஒருவகை லகரமாக இருந்து, பின்னர்த் தொண்டையில் பிறக்கும் ககர ஒலியாகத் திரிந்தது. பழைய ஆர்மேனியத்தில் இதற்குப் பூண்டு, மருந்து என இரு பொருளும் உண்டு. இன்று மருந்து என்பதே வழக்கு. மருந்துக்கடைக்கு ‘தெகதுன்’, அதாவது மருந்து வீடு, என்று பெயர். பசுமை, செழிப்பு எனப் பொருள்படும் ‘தலார்’ இதன் உடன்பிறப்பு. தளிர்த்தலைக் குறிக்கும் கிரேக்க வினை இவற்றுக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் ‘தெகின்’ என்பதும் இதனடியாகப் பிறந்தது என்பர். இலையே மருந்து என்று வாழ்ந்த காலத்தின் சுவடு இச்சொற்கூட்டம். பச்சிலை என்ற சொல்லை நாம் மருந்துப் பொருளில் ஆள்வதும் இங்கே ஒப்புநோக்கத் தகும்.

மண்ணில் முன்பிருந்த சொற்கள்

காளானை ஆர்மேனியர் ‘சுங்க்’ என்பர். கிரேக்கத்தில் கடற்பஞ்சைக் குறிக்கும் ‘ஸ்பொங்கொஸ்’ என்பதும், லத்தீனில் காளானைக் குறிக்கும் ‘ஃபுங்குஸ்’ என்பதும் இதனோடு ஒத்து ஒலிக்கின்றன. நாம் பலகை துடைக்கும் ‘ஸ்பாஞ்சு’ அக்கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றலே. ஆனால் ஸகரம், ஸ்பகரம், ஃபகரம் ஆகிய மூன்று முதலொலிகளும் ஒரே விதிக்குள் அடங்கவில்லை. எனவே, மத்தியதரைக்கடற் பகுதியில் இம்மொழிகள் பரவுமுன் வழங்கிய, இன்று பெயர் தெரியாத ஒரு மொழியிலிருந்து ஒவ்வொன்றும் தனித்தனியே இச்சொல்லைப் பெற்றிருக்கலாம் என்று அறிஞர் கருதுவர்.

முட்புதரில் கறுத்துப் பழுக்கும் சிறுகனிக்கு வழங்கும் ‘மோர்’ என்பதும் இவ்வாறே. கிரேக்கத்தில் ‘மோரொன்’, லத்தீனில் ‘மோரும்’. கனிப்பெயரோடு ‘எனி’ சேர்த்தால் மரம் அல்லது புதரின் பெயர் கிடைக்கும். எனவே புதர் ‘மொரெனி’. விவிலியத்தில் மோசே கண்ட, எரிந்தும் கருகாத முட்செடியை ஆர்மேனியர் ‘அன்கெஸ் மொரெனி’ என்கின்றனர். தம் மலையில் அன்றாடம் கண்ட புதரின் பெயரையே திருமறைக்கும் தந்தனர்.

ஆப்பிளுக்கு ‘க்ன்த்ஸோர்’ என்று பெயர். காட்டு ஆப்பிள் அம்மலைகளில் தானே வளர்வது. ஆர்மேனியத்துக்கு முன் அப்பகுதிகளில் வழங்கி மறைந்த ஹுரிய மொழியில் அக்கனிக்கு ‘ஹின்சூரி’ என்னும் பெயர் களிமண் ஏடுகளில் காணப்படுகிறது. பிளம் கனியின் ‘சலோர்’ என்னும் பெயரும் அக்காதிய மொழியின் ‘ஷல்லூரு’ என்பதை ஒத்தது. பேசியவர்கள் மறைந்தனர், பேரரசுகள் மண்ணாயின, அவர்கள் கனிக்கு இட்ட பெயர் மட்டும் இன்றும் சந்தையில் கூவி விற்கப்படுகிறது.

வந்தனவும் சென்றனவும்

ஈரானிய வழி வந்த சொற்களை வடஇந்தியக் காய்கறிச் சந்தைக்குச் சென்ற நம் தோழர்கள் எளிதில் உணர்வர். கேரட்டுக்கு இந்தியில் ‘காஜர்’, பாரசீகத்தில் ‘கஸர்’, ஆர்மேனியத்தில் ‘கஸார்’. பீட்ரூட்டுக்கு இந்தியில் ‘சுகந்தர்’, பாரசீகத்திலிருந்து வந்தது, ஆர்மேனியத்தின் ‘சக்ன்தெக்’ அதன் உறவே. நம் பருப்புக்கீரையை ஆர்மேனியர் ‘தந்துர்’ என்பர். அதற்கு ‘பர்பஹன்’ என்னும் பாரசீகப் பெயரோடு உறவுடைய ‘ப்ர்ப்ரெம்’ என்ற பழம்பெயரும் உண்டு.

கொண்டது மட்டுமன்றிக் கொடுத்ததும் உண்டு. கீரைக்கு ஆர்மேனியத்தில் பொதுப்பெயர் ‘பன்ஜார்’. இதன் முதலொலி, பம்பரம் என்பதில் இரண்டாவதாக வரும் பகரம் போன்றது. துருக்கியர் இச்சொல்லை ஏற்றபோது, பம்பரத்தின் முதற்பகரம் போல் வன்மையாக்கி, பீட்ரூட்டுக்குப் பெயராக்கினர். அவர்களிடமிருந்து அது கிரேக்கத்துக்குச் சென்று ‘பன்ட்ஸாரி’ ஆயிற்று. எகிப்தியர் பேசும் அரபியிலும் புகுந்தது. அவெலுக் என்பதும் கிழக்குத் துருக்கியில் ‘எவெலிக்’ என வழங்குகிறது. மக்களிடையே பகை மூண்ட இடங்களிலும் கீரைக்காரியின் சொல் எல்லை கடந்து சென்றிருக்கிறது.

பெயர்களைக் காத்தோர்

அமாசியா நகரத்து அமிர்தோவ்லத் என்னும் மருத்துவர் 15ஆம் நூற்றாண்டில் எழுதிய மருந்துநூல், ஒவ்வொரு செடிக்கும் ஆர்மேனியப் பெயரோடு கிரேக்க, அரபு, பாரசீக, துருக்கியப் பெயர்களையும் தருகிறது. வெனிஸ் நகரத் துறவி கெவோந்த் அலிஷான் 1895இல் ‘ஹய்பூசக்’ என்னும் செடிப்பெயர்த் தொகுதியை வெளியிட்டார். இவற்றுக்கெல்லாம் முடிமணியாக, ஹ்ராச்யா அச்சார்யன் (1876–1953) என்னும் பேரறிஞர், ஆர்மேனிய வேர்ச்சொல் அகராதியை 1926 முதல் 1935 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். ஒவ்வொரு வேர்ச்சொல்லுக்கும் பழைய வழக்கு, முன்னோர் கூறிய விளக்கங்கள், கிளைமொழி வடிவங்கள், பிறமொழிகள் கடன் கொண்டவை என முறைப்படுத்தித் தந்தது அந்நூல்.

கிளைமொழி வடிவங்களை அவர் திரட்டியதன் பயன் பின்னர் விளங்கிற்று. 1915இல் தொடங்கிய பேரழிவில் வான், முஷ், கார்பெர்த் பகுதிகளின் ஆர்மேனியர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் நாடு கடத்தப்பட்டனர். பாலைவன வழியில் புல்லையும் இலையையும் தின்று உயிர்பிழைத்த கதையைப் பிழைத்தோர் பலர் சொல்லியுள்ளனர். அவர்களுடைய ஊர்களில் அச்செடிகள் இன்றும் முளைக்கின்றன. அங்கு அவற்றை ஆர்மேனியப் பெயரிட்டு அழைக்கும் வாய்கள் அரிதாகிவிட்டன.

அண்மைச் செய்தியும் ஒன்று உண்டு. ஆர்ட்சாக் எனவும் நாகோர்னோ கராபாக் எனவும் வழங்கும் மலைநாட்டு ஆர்மேனியர், பலவகைக் காட்டுக்கீரைகளை நறுக்கி மாவில் பொதிந்து சுடும் ரொட்டிக்கு ‘ஜெங்கியாலோவ் ஹத்ஸ்’ என்று பெயர். ‘ஜெங்கியால்’ என்பது கீரைக்கு அவர்கள் கிளைமொழிச் சொல், ‘ஓவ்’ என்பது நம் மூன்றாம் வேற்றுமை போன்ற உருபு, ‘ஹத்ஸ்’ ரொட்டி. கீரையொடு கூடிய ரொட்டி என்பது பொருள். 2023 செப்டம்பரில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அம்மக்கள் சில நாட்களுக்குள் தம் மலையை விட்டு ஆர்மேனியக் குடியரசில் புகலடைந்தனர். ரொட்டி அவர்களோடு வந்தது. கீரை முளைத்த சரிவு வரவில்லை. பார்த்துக் காட்ட செடி இல்லாதபோது, பாட்டி சொன்ன பெயர் பேத்திக்கு வெறும் ஒலியாகிவிடும். அதனால்தான் செடியைக் காட்டிப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை நாளைக்கென்று ஒத்திப்போடத் தகாதது.

சொல்லாராய்ச்சி நூலகத்தில் முடிவதாயினும் அது தொடங்கும் இடம் வயல்வரப்பே. அச்சார்யனின் அகராதிக்கும் ஏதோ ஒரு சிற்றூரில் மடி நிறையக் கீரை பறித்து வந்த ஒருத்தி சொன்ன சொல்லே முதல். விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்கள், வீட்டு முதியோரிடம் வரப்போரக் கீரைகளின் பெயர்களைக் கேட்டுச் செடியோடும் ஊர்ப்பெயரோடும் குறித்து வருவார்களாயின், அது எந்த ஆராய்ச்சிக்கும் குறைந்த தொண்டன்று.