உடல்நலம் என்னும் முதற்பாடம்

நுழையும்முன்

பிறர் நோயைத் தீர்க்கக் கற்பவர் தம் நலத்தை இழக்கலாமா? மருத்துவ மாணவர்களின் வாழ்க்கைமுறையை முன்வைத்து, கற்கும் பருவத்தில் உடலையும் உள்ளத்தையும் பேணும் வழிகளை விளக்குகிறது இப்பாடம்.

கனவின் வாயில்

குன்றின்மேல் கோட்டை உயர்ந்து நிற்கும் ஊர் திருமயம். அது புதுக்கோட்டை மாவட்டத்தில் அமைந்துள்ளது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, மருத்துவம் பயில 1907இல் சென்னைக்குச் சென்றார், 1912இல் மருத்துவரானார். இன்றோ புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2017 முதல் இயங்குகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் வழங்கப்படுகிறது. திருமயம் வட்டாரச் சிற்றூர் மாணவருக்கும் மருத்துவக் கல்வி எட்டும் கனவாயிற்று. எனினும், கல்லூரி வாயிலைக் கடப்பது தொடக்கமே. நலம் குன்றாமல் கற்று முடிப்பதே வெற்றி.

படிப்பின் சுமை

மருத்துவப் பட்டம் நான்கரை ஆண்டுக் கல்வியும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது. முதலாண்டிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய பெரும்பாடங்களைப் பயில வேண்டும். தமிழ்வழியில் பயின்றவருக்கு ஆங்கிலப் பாடநூல்கள் கூடுதல் சுமையாகின்றன. பள்ளியில் முதலிடம் பெற்றவர், அங்குப் பலருள் ஒருவராகிறார். அந்நிலையில் பலர் முதலில் குறைத்துக்கொள்வது உறக்கத்தை. அடுத்துக் கைவிடுவது காலை உணவை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை எண்ணத்தக்கது. அதன் ஆய்வில் பங்கேற்ற இளநிலை மருத்துவ மாணவருள் 27.8 விழுக்காட்டினர், தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தாமே தெரிவித்தனர். ஏறத்தாழ நால்வருள் ஒருவர் துன்புறுகிறார் எனில், அதனைத் தனிமனிதரின் பலவீனம் எனக் கருதுதல் தகாது.

உறக்கமும் உணவும்

பகலில் கற்றவை உறக்கத்தின்போதே நினைவில் நிலைபெறுகின்றன. எனவே, உறக்கத்தைத் துறந்து படிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றதாகும். மாலை 6 மணிக்குப் பருகிய காபியில் உள்ள காஃபீன், இரவு 11 மணிக்கும் ஏறத்தாழப் பாதியளவு உடலில் தங்கி உறக்கத்தைத் தடுக்கும்.

வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புத் தேவை என்பது பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அறிவுரை. நாள்தோறும் அரைமணி நேரம் என வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடந்தாலே அவ்வளவு நிறைவுறும். விடுதி வளாகமே அதற்குப் போதுமானது.

உள்ளம் திறத்தல்

நோயாளி தம் வலியை மறைத்தால் மருத்துவரால் நோயை அறிய இயலாது. மருத்துவ மாணவருக்கும் இஃது பொருந்தும். புரியாத பாடத்தை மூத்த மாணவரிடம் கேட்டல், கலக்கத்தைத் தோழரிடம் பகிர்தல், தேவைப்படின் மனநல ஆலோசனை பெறுதல் ஆகியன தாழ்வல்ல, அறிவுடைமையே ஆகும்.

தம் உறக்கத்தையும் உணவையும் ஒழுங்குசெய்யக் கற்றவரே, நோயாளிக்கு அவற்றை உறுதியுடன் எடுத்துரைக்க வல்லவர். மருத்துவக் கனவுடைய மாணவர் அப்பாடத்தைப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கலாம்.

தெரியுமா?

• திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி, அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது.
• 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில், மனநல ஆலோசனையை எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பெறலாம்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரத்துக்கு உங்கள் உறக்க நேரத்தைக் குறித்து, வகுப்பில் கலந்துரையாடுக.
2. 'கேட்டு உதவி பெறுதல் தாழ்வன்று' என்னும் பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதுக.