ஏறி உட்கார்ந்தாலே 36 ரூபாய்: அது வெட்டுத்துண்டா?

கேள்வி: என் மகள் பெங்களூரு ஆட்டோ கட்டணத்தை நேர்கோட்டுச் சமன்பாடாக எழுதினாள். சாய்வு 18, ஒய் வெட்டுத்துண்டு 36 என்றாள். சாய்வு சரி, வெட்டுத்துண்டு தப்பு என்று டீச்சர் திருத்திவிட்டார். ஏறி உட்கார்ந்தாலே 36 ரூபாய்தானே? அப்புறம் எப்படித் தப்பாகும்?
— ஒரு வாசகி, மர்பி டவுன், பெங்களூரு

பதில்: நல்ல கேள்வி அம்மா. உங்கள் மகள் 36-ஐச் சும்மா எழுதிவிடவில்லை. அது வேறொரு கோட்டுக்கு உரிய எண், அவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் 1 முதல் அங்கே முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய். காத்திருப்புக் கட்டணத்தை விட்டுவிடுவோம். மர்பி டவுனிலிருந்து 3 கிலோமீட்டர் போனால் 54 ரூபாய், 5 கிலோமீட்டர் போனால் 90 ரூபாய். தூரம் 2 கூடியபோது கட்டணம் 36 கூடியிருக்கிறது. 36-ஐ 2-ஆல் வகுத்தால் 18. இதுதான் சாய்வு.

இப்போது வெட்டுத்துண்டு. அது 36 என்றே வைத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டருக்கு 36 + 18 × 5 = 126 ரூபாய் வரும். மீட்டரோ 90 காட்டுகிறது. அதிகப்படியாக வந்த 36, முதல் 2 கிலோமீட்டருக்கு இரண்டு முறை காசு வாங்கியதால் வந்தது. சரியான வழி, தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து பின்னால் போவது: 90 − 18 × 5 = 0. ஆக, கட்டணம் = 18 × தூரம். இந்தக் கோட்டைப் பின்னுக்கு நீட்டினால் நேரே ஆதிப்புள்ளிக்குப் போய்ச் சேரும்.

ஆனால் 2 கிலோமீட்டருக்கு உள்ளே இந்தக் கோடு செல்லாது. அங்கே கட்டணம் 36-லேயே நிற்கிறது. கோடு கிடையாகப் படுத்திருக்கும், சாய்வு 0. அந்தத் துண்டுக்கு ஒய் வெட்டுத்துண்டு 36-தான்! உங்கள் மகள் ஒரு துண்டின் சாய்வையும் இன்னொன்றின் வெட்டுத்துண்டையும் சேர்த்து எழுதிவிட்டாள். வரைபடம் போட்டிருந்தால் அவளே பிடித்திருப்பாள். இந்தக் கணக்கை வரையாமல் போடச் சொல்வது எனக்குப் பிடிக்காத விஷயம்.

எல்லா ஊரிலும் வெட்டுத்துண்டு 0 ஆகிவிடாது. சென்னையில் 2013-இல் வந்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. 25 − 12 × 1.8 = 3.40, இதுதான் ஒய் வெட்டுத்துண்டு. எக்ஸ் வெட்டுத்துண்டு வேண்டுமென்றால் கட்டணத்தை 0 என்று வைக்க வேண்டும்: −3.40 ÷ 12, ஏறக்குறைய −0.28. மைனஸ் தூரத்துக்கு எந்த ஆட்டோவும் போகாது. விடை சரி, சவாரிக்கு மட்டும் பொருந்தாது.

3எக்ஸ் + 4ஒய் = 12 போலச் சமன்பாடே கொடுத்துவிட்டால் வேலை சுலபம். எக்ஸ் 0 என்றால் ஒய் 3. ஒய் 0 என்றால் எக்ஸ் 4. சாய்வு −3/4, மைனஸை விட்டுவிடக் கூடாது.

பெங்களூரில் இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு கட்டணம். அந்தக் கோட்டையும் அதே தாளில் வரையச் சொல்லுங்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் சாய்வு 27 வரும், வெட்டுத்துண்டு அப்போதும் 0.