தொட்டில் வரை போகும் புகை

முன்புறம் கடை, பின்புறம் குடியிருப்பு என்ற அமைப்பில் தொழில் நடத்தும் வணிகர்கள் நம்மில் ஏராளம். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு; பல இடங்களில் வெறும் திரைச்சீலைதான். கல்லாவின் அருகே பற்றவைக்கும் பீடி, சிகரெட்டின் புகை அந்தத் திரையைத் தாண்டி, உள்ளே தூளியில் உறங்கும் கைக்குழந்தையிடம் போய்ச் சேருகிறது. இதுபற்றி மருத்துவர்கள் கண்டறிந்துள்ளதை நம் உறுப்பினர்கள் அறிவது அவசியம் என்பதால் இக்கட்டுரை.

லண்டனின் வடமேற்கில் ஹாரோ என்ற பகுதி உள்ளது. அங்கு 1963 முதல் 1965 வரை பிறந்த 2,205 குழந்தைகளை காலி, ஹாலண்டு, கார்க்ஹில் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1974-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் நிமோனியாவோ மூச்சுக்குழல் அழற்சியோ கண்ட குழந்தைகள், பெற்றோர் இருவரும் புகைக்காத வீடுகளில் நூற்றுக்கு 7.8. ஒருவர் புகைத்தால் 11.4. இருவரும் புகைத்தால் 17.6. நம் வீடுகளில் பெரும்பாலும் தகப்பனார் மட்டுமே புகைப்பவர் என்பதால் நடுவில் உள்ள கணக்கே நமக்குரியது. வியாபாரிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புகைப்பவருக்கு இருக்கும் இருமலும் சளியும் குழந்தைக்குத் தொற்றியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அதையும் பிரித்துப் பார்த்தார்கள். இருமல், சளி இல்லாத பெற்றோரின் வீடுகளிலும் அதே ஏறுமுகம்தான். ஒரு வயதுக்கு மேல் அது தெளிவாகத் தெரியவில்லை. அதற்காகப் பின்னர் புகை கெடுதல் செய்யாது என்று பொருளல்ல. இழுப்பும் காது நோயும் பிறகும் வரும். ஆனால் மிகவும் காக்க வேண்டியது அந்த முதல் பன்னிரண்டு மாதம்.

காரணம் எளிது. நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுகிறோம். பச்சிளங்குழந்தை 40 தடவைக்கு மேல். அதன் மூச்சுக்குழாய்களோ மிகக் குறுகியவை. குழாயின் உள்விட்டம் பாதியாகச் சுருங்கினால் காற்றுக்கு ஏற்படும் தடை பதினாறு மடங்காகும் என்பது கணக்கு. பெரியவருக்கு வெறும் கனைப்பாக முடியும் சிறு வீக்கம், குழந்தைக்கு மூச்சுத்திணறலாகிறது. எழுந்து வெளியே போகவும் அதனால் இயலாது.

மின்விசிறி சுற்றுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது என்று சமாதானம் சொல்வோர் உண்டு. காற்றோட்டத்தால் இந்தப் புகையை முழுதும் அகற்ற முடியாது, பாதிப்பில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை கூறிவிட்டது. குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதையும் நிறுத்துவது நல்லது. வாசனை இருந்தாலும் அதுவும் புகைதான்.

பீடி, சிகரெட் விற்பதை விட்டுவிடுங்கள் என்று நான் எழுதவில்லை. அது அவரவர் முடிவு. ஆனால் சரக்கை விற்பது வேறு, அங்கேயே பற்றவைக்க வசதி செய்து கொடுப்பது வேறு. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பணியிடங்களும் பொது இடங்களே. அங்கு தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் வைத்துத் தரக்கூடாது. புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம், தடுக்காத பொறுப்பாளருக்கும் உண்டு. கடை முகப்பில் புகைந்துகொண்டே தொங்கும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் வாடிக்கையாளர் ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கைக்குழந்தைக்கு இருமல் கண்டால், அது அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, அதற்குமேல் ஒரு வயது வரை 50. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, கடையைப் பூட்டிவிட்டாவது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.